கைக்கு வந்த கிளட்ச்

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இதுக்கு நீதான் பதில் எழுதணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். கோயம்புத்தூரில் நீயும் மில் நண்பர்களும் சேர்ந்து எஞ்சின் போன ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கியிருக்கிறீர்கள், அதற்குள் ஒரு டாக்ஸியின் டீசல் எஞ்சினை வைக்கப் போகிறீர்கள், கியர்பாக்ஸ் மட்டும் எதைப் போடுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வருஷமாக மாட்டுங்காவில் கராஜ் வேலை பார்க்கும் மனுஷன் இருக்க, பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்கும் அம்மாவிடம் போய் இந்தக் கேள்வி வந்ததே என்று நீ சிரிக்கலாம். அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் வண்டிக்குக் கியர்பாக்ஸ் எடுத்தது நான்தான். அந்தக் கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு நீ வந்தபோது வண்டி ஓடத் தயாராக, தாராவியில் நம் லேபர் கேம்ப் குடியிருப்பின் முனையில் நின்றது. நீ ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்துப் பார்த்தாய். அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இதை மருமகளும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் மெலிந்துபோனது. தடி வைத்துக்கொண்டு நடப்பேன், நிற்பேன், வீட்டுவேலை எல்லாம் செய்வேன். ஆனால் அந்தக் காலைத் தூக்கி ஒன்றின்மேல் வைத்து அழுத்தச் சொன்னால் அது கேட்காது. கல்யாணமாகி பம்பாய் வந்த நாளிலிருந்து தாராவியில் இருந்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சீனாவோடு சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம் என்னைச் செம்பூருக்கு மாற்றினார்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் கூடிப்போய்விட்டார்கள், டீச்சர் போதவில்லை. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் செம்பூருக்குப் போக பஸ் ஏற வேண்டும். காலை நேரத்து பஸ் நிற்பதில்லை, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஜனங்கள் கம்பியைப் பிடித்துத் தாவிக்கொள்வார்கள். நான் தடியை முதலில் உள்ளே வைத்து, வலது காலை ஏற்றி, உடம்பை இழுத்துக்கொள்வதற்குள் மணி அடித்துவிடும்.

மழை தொடங்கிய ஒரு காலையில் சயான் நிறுத்தத்தில் விழுந்துவிட்டேன். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் பிரேக் போட்டதால் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கையில் மட்டும் எலும்பு விரிசல் விட்டிருந்தது. கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். நல்ல மனுஷி. முடியவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று என் நன்மைக்குத்தான் சொன்னார். அப்பாவும் முதலில் அதையே சொன்னார். அப்பா அன்று என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அவர் வேலை பார்த்த கராஜின் பின்பக்கம் ஒரு பெரிய அமெரிக்கக் கார் வெகுநாளாக நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டதால் சொந்தக்காரர் திரும்பி வரவே இல்லை. கராஜ் முதலாளிக்கு அந்த இடம் காலியானால் போதும். எடுத்துக்கொண்டு போ என்றார். அப்பா குர்லாவுக்குப் போய், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் காதர் பாயிடம் ஒரு ஜீப் எஞ்சினைப் பிடித்தார். உலக யுத்தத்தில் ஓடி, பிறகு ஏலத்தில் வந்த ஜீப். அந்தக் காருக்கு அது சின்ன எஞ்சின்தான், வேகம் போகாது. ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் பழகியது, நசுங்கினாலும் திரும்பி எழுந்து நிற்கும். எஞ்சின் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கியர்பாக்ஸில்தான் வந்து நின்றார், இன்று நீ நிற்கிற மாதிரியே.

காரின் சொந்த கியர்பாக்ஸ் நன்றாகவே இருந்தது. சத்தமில்லாதது. அதன் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருந்ததால் முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஜீப் எஞ்சினோடு அதைச் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து போட வேண்டும், கொஞ்சம் கோணினாலும் உள்ளே எல்லாம் தேய்ந்துபோகும், ஆனால் அப்பாவுக்கு அது பெரிய காரியமில்லை. மற்றது ஜீப் எஞ்சினோடு கூடவே வந்த கியர்பாக்ஸ். அதில் தகடே வேண்டாம், ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தவை. ஆனால் அது முனகும், முதல் கியர் வண்டி நின்றால்தான் விழும், அதன் கம்பு தரையைத் துளைத்துக்கொண்டு நடுவில் நிற்கும். வேலை தெரிந்தவர்கள் அந்தக் காருக்கு அதைப் போட மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். இந்த இரண்டிலும் ஒரு பொதுவான சிக்கல் இருந்தது. கியர் மாற்ற வேண்டுமென்றால் இடது காலால் கிளட்சை மிதிக்க வேண்டும். எனக்கு இருப்பது எந்தக் கால் என்று உனக்குத் தெரியும்.

அதனால் அப்பா மூன்றாவதாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். அதை அவர் வீட்டுக்கே கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. நம் கோலியின், அந்த ஒற்றை அறை வீட்டின், வாசலில் கைவண்டியை நிறுத்தி, சாக்கைப் பிரித்து, ஆட்டுக்கல்லைவிடப் பெரிய ஒரு இரும்பு உருண்டையைக் காட்டினார். யாரோ வெளிநாட்டு அதிகாரி ஓட்டி, மோதி, நொறுங்கிப்போன காரிலிருந்து காதர் பாய் கழற்றி வைத்திருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் கிளட்ச் பெடலே கிடையாது. எண்ணெயின் அழுத்தத்தில் அதுவே கியரை மாற்றிக்கொள்ளும், வலது கால் ஒன்று போதும். பம்பாயில் அதை யாரும் சீண்டுவதில்லை என்பதால் காதர் பாய் சும்மா கொடுத்த மாதிரி கொடுத்திருந்தார். அப்பா பேசப் பேச அவருக்கு மூச்சு வாங்கியது. கல்யாணமான புதிதில்கூட அவர் என் முன்னால் அவ்வளவு பேசியதில்லை.

நான் கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

"இது கெட்டுப்போனா யாரு தொறப்பா?"

"நான் தொறப்பேன்."

"நீங்க இதுக்கு முன்னால தொறந்திருக்கியளா?"

"தொறந்தா தெரிஞ்சுபோவும்லா" என்றார்.

"செம்பூர்ல நடுரோட்டுல இது நின்னுபோச்சுன்னா, நீங்க கராஜ்ல இருப்பிய. நான் என்ன செய்ய? யார கூப்பிட?"

"உனக்காகத்தானளா கொண்டாந்தேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்காகன்னா என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

அவர் சாக்கை மறுபடி மூடி, கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குத் திரும்பினார். அதன்பிறகு கொஞ்ச நாள் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. உனக்குக் கடிதம் எழுதினோம், எண்ணெய் வாங்கினோம், பக்கத்துக் கோலியில் நடந்த வளைகாப்புக்குச் சேர்ந்தே போய்வந்தோம். அவர் மனம் நொந்தது எனக்குத் தெரியும். என் காலை யாருக்கும் பாரமில்லாமல் ஆக்கிவிடலாம் என்று அவர் நம்பியிருந்தார், நான் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். என் பக்கமும் ஒன்று இருந்தது. வெளியே போனால் எல்லாவற்றுக்கும் நான் இன்னொருவர் கையைப் பார்த்துத்தான் பழகியிருந்தேன். பஸ்ஸில் ஏற ஒருவர், ரயில் மேம்பாலத்தில் இறங்க ஒருவர். ஒரு வண்டி எனக்கு வருகிறதென்றால் அது நின்றுபோனாலும் தெருவில் போகிற யாரோ ஒரு மிஸ்திரி குனிந்து பார்த்துச் சரிசெய்கிற வண்டியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு மனுஷனுக்கு மட்டும் புரிகிற வண்டி எனக்கு வேண்டாம், அந்த மனுஷன் என் புருஷனாகவே இருந்தாலும்.

கைக்கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் நானே கராஜுக்குப் போனேன். ஞாயிறு, வேறு யாரும் இல்லை. கார் கதவில்லாமல் நின்றது. எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருந்தது, அதன் பின்னால் தரை திறந்து கிடந்தது. என்னை உள்ளே உட்கார வையுங்கள் என்றேன். அவர் ஒரு பெட்டியைப் படியாகப் போட்டு ஏற்றிவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தபோது, காலின் வேலையைக் கை செய்யுமா என்று, என் இடது கை எங்கே போகிறதென்று பார்த்தேன். ஸ்டியரிங் கழுத்திலிருந்த கம்பியை எட்டியது, ஆனால் அதைப் பிடித்தால் கிளட்சுக்கு வேறு கை இல்லை. கையைச் சும்மா விட்டால் அது தொடையின் பக்கத்தில், தரைக்கு நேர்மேலே வந்து நின்றது. ஜீப் கியர்பாக்ஸ் வைத்தால் அதன் கம்பு இங்கேதான் வருமா என்று கேட்டேன். இங்கேதான் என்றார். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத மாஸ்டருடைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. அவர் இடது கையால் கிளட்சை அழுத்திக்கொண்டே அதே கையால் கைப்பிடியைத் திருகி கியர் மாற்றுவார். காலுக்கு அங்கே வேலையே இல்லை.

"ஸ்கூட்டர்ல ரெண்டும் ஒரே கையிலதானே இருக்கு. கார்ல ஏன் இருக்கக் கூடாது?" என்றேன்.

அவர் சிரித்தார். ஸ்கூட்டர் கிளட்ச் எவ்வளவு, கார் கிளட்ச் எவ்வளவு, ஆம்பிளை கையாலேயே அதை அழுத்த முடியாது என்று விளக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு டயரின்மேல் உட்கார்ந்து, திறந்து கிடந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் கழித்து, ஜீப்பில் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள்தான், அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, "கைய அங்கனயே வச்சுக்க" என்று சொல்லி, சாக்கட்டியால் என் கை நின்ற இடத்தைக் குறித்தார்.

கியர்பாக்ஸ் முடிவானது அங்கேதான். எது உயர்ந்தது என்ற கேள்வியே அன்று எழவில்லை. என் கை எங்கே விழுந்ததோ அங்கே கம்பு வருகிற பெட்டியை எடுத்தோம். அதற்குள் அவருக்கும் இன்னொரு நியாயம் கிடைத்துவிட்டது. கனமான காரைச் சின்ன எஞ்சின் இழுக்க வேண்டுமென்றால் ஜீப்பின் தாழ்ந்த முதல் கியர்தான் தோதானது, பாலம் ஏறும்போது அது கைகொடுக்கும் என்றார். நான் சொன்னதை ஒத்துக்கொள்ள அவருக்கென்று ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

வேலை சுலபமாக முடியவில்லை. ஜீப்பில் எஞ்சின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற ஒரு பெட்டி பின்னால் இருக்கும், அதைக் கழற்றி, அந்த வாயை மூடப் புது மூடி கடைய வேண்டியிருந்தது. பின்சக்கரத்துக்குப் போகிற தண்டை அளவுக்கு வெட்டி ஒட்டினார். கியர்க் கம்போடு சேர்த்து, அதற்குச் சற்று முன்னால், இன்னொரு நீளமான கம்பை வைத்தார். விரலை நீட்டி அதை கியர்க் கம்பின் பக்கம் இழுத்தால் கிளட்ச் விடும், இரண்டையும் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டு கியரை மாற்றலாம், மெல்ல விட்டால் கிளட்ச் பிடிக்கும். முதல் தடவை இழுத்தபோது என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இளக்கமான ஸ்பிரிங்குகளைத் தேடிப் போட்டார். அப்போது கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி, கருகல் நாற்றம் அடித்தது. பாதி கடினம், பாதி இளக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் என் கையைப் பிடித்துப் பார்ப்பார், உள்ளங்கை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று. டாக்டர் பார்ப்பது போலப் பார்ப்பார். ஸ்பிரிங் சரியாக வந்த நாளில் சிவப்பு இல்லை, வண்டியும் வழுக்கவில்லை.

வடாலா பக்கம் உப்பளத்துக்குப் போகிற வெற்றுச் சாலையில் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சமதரையில் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஒருநாள் தைரியமாக சயான் ரயில் பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. நானும் நிறுத்தினேன். லாரி கிளம்பியதும் கிளட்சைப் பிடித்து கியர் போட்டேன், வலது காலை ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோக பிரேக்கிலிருந்து எடுத்தேன், வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. மற்றவர்கள் கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். என் இடது கைதான் கிளட்சில் இருக்கிறதே. பின்னால் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டி வந்துகொண்டிருந்தது. அதை இழுத்தவர் நுகத்துக்குள் நின்றபடி எங்களைப் பார்த்தார். அவருக்கு விலக நேரமில்லை. நான் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் அப்பா கதவைத் திறந்து குதித்து, ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்தின் கீழே தள்ளினார். கைவண்டியில் முட்டாமல், ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது. கைவண்டிக்காரர் திட்டவில்லை. வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டு, தடியைப் பார்த்துவிட்டு, சுற்றிப்போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து, போதும் என்று சொல்லிவிட்டேன். யாரோ ஒருவரைச் சாகடித்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. அப்பா மறுக்கவில்லை. அடுத்த மாதமெல்லாம் நான் மறுபடி பஸ்ஸில்தான் போனேன். பக்கத்துக் கோலிப் பெண் ஒருத்தி நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிடுவாள். அவர் மட்டும் கராஜ் முடிந்த பிறகு அந்தக் காரையே சுற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் பள்ளியிலிருந்து நான் திரும்பியபோது கேம்ப் முனையில் காரோடு நின்றார். ஜீப்புகளில் டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்தால் கால் வைக்காமலே எஞ்சின் வேகம் ஏறும். வயலில் இயந்திரம் ஓட்ட, பம்ப் ஓட்ட வைத்தது. அதை இந்தக் காரில் என் வலது கைப்பக்கம் பொருத்தியிருந்தார்.

"பிரேக்குலேந்து கால எடுக்காத. குமிழ இழு. கிளட்ச கொஞ்சம் கொஞ்சமா விடு. எஞ்சின் குரல் தாழும், வண்டி மூக்க தூக்கும். அப்பம் பிரேக்க விடு" என்றார்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். "ஒரு தடவ. பின்னால நான் நிக்கேன்" என்றார். பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, அவர் இறங்கி, காருக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கையில் கல் இல்லை. உருண்டால் அவர்மேல்தான் உருளும். தம்பி, அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. ஆனால் குமிழை இழுத்தேன், விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன். எஞ்சின் குரல் தாழ்ந்தது. மூக்கு தூக்கியது. காலை எடுத்தேன். வண்டி பின்னால் ஒரு விரல்கடைகூடப் போகவில்லை, முன்னால் ஏறியது.

லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் வயதான மராத்திக்காரர். தடியோடு வந்த என்னைப் பார்த்ததும், ஓட்டப்போவது யார் என்று அப்பாவைக் கேட்டார். நான் என்றேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார், கிளம்பச் சொன்னார், இறக்கத்தில் நிறுத்தச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் என்னை இடம் மாறி உட்காரச் சொல்லி, அந்தக் கம்பை அவரே இழுத்து ஓட்டிப் பார்த்தார். வண்டி குலுங்கி நின்றுபோனது. மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. சிரித்துக்கொண்டே இறங்கி, இதைச் செய்தது யார் என்று ஹிந்தியில் கேட்டார். இவர் செய்தார், நான் சொன்னேன் என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி உன் காருக்கு வருகிறேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது அவருடைய வார்த்தை. டீசல் எஞ்சின் உதறும். சின்ன பெட்ரோல் காரின் கியர்பாக்ஸ் அந்த உதறலைத் தாங்காது, பல் போகும். டீசல் மெதுவாகச் சுற்றுவது, அதனால் காரின் பழைய கியர் அளவுகள் அதற்கு ஒத்துவராது, ரோட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸையே போடு. தண்டை வெட்டு, தரையை வெட்டு, அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. தகடு போட்டு ஒட்டுவது வருஷமெல்லாம் வேலை. எதை எடுத்தாலும் அதற்கு உதிரி உன் ஊரில் கிடைக்கிறதா என்று முதலில் பார். இவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் சொல்வது வேறு. இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறாய். எஞ்சின் எந்த வருஷத்தது, எத்தனை குதிரை, வெல்டிங் செய்ய யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் இருக்கிறது. கடைசி வரியில்தான், மருமகள் ஆஸ்பத்திரிக்கு டியூட்டி போய்வர இந்த வண்டி என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. அவள் ஓட்டப்போகிறாள் என்றால் அவளிடம் கேட்டாயா? அவள் உயரம் என்ன, கை எவ்வளவு எட்டும், அந்த டாக்ஸி கிளட்சை அவளால் நாள்முழுக்க மிதிக்க முடியுமா, சத்தம் அவளுக்குப் பெரிதா வேகம் பெரிதா? அவளுக்குத் தெரியாமல் செய்து ஒருநாள் சாவியைக் கையில் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பாய். உன் அப்பாவின் பிள்ளை நீ. அந்த ஆசையில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்காக ஒரு மனுஷன் குர்லாவிலிருந்து ஒரு இரும்பு மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், கையை அங்கேயே வைத்துக்கொள் என்று அவர் சொன்னது. முதலாவது அன்பு என்றால் இரண்டாவதை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீயே பெயர் வைத்துக்கொள்.

இன்னொன்று. அவள் வேண்டாம் என்று சொன்னால், உனக்கு வலிக்கும். வலித்ததை அவளிடம் சொல். உன் அப்பா மாதிரி மூட்டையை மூடிக்கொண்டு போய்விடாதே. நாங்கள் அந்தக் கொஞ்ச நாளை வீணாக்கினோம். அவள் கேட்கிற கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லையென்றால் இல்லை என்று சொல், அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம். எங்கள் வண்டியில் இருப்பது எதுவும் முதலில் எங்களுக்குத் தெரிந்ததில்லை. அவருக்குத் தெரியாதது எனக்குத் தோன்றியது, எனக்குத் தெரியாததை அவர் செய்தார், இருவருக்கும் தெரியாததைப் பாலம் சொல்லிக்கொடுத்தது.

ஒன்றை எழுதிவிட்டு முடிக்கிறேன். இதை உன்னிடம் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

நான் முதல்முறை தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம், நீங்கள் கூட வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பக்கத்தில் அவர் இருந்தால் என் காது எஞ்சினைக் கேட்காது, அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். சரி என்றார். காலையில் வழக்கம்போலத் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் பாலத்தில் ஏறினேன், நின்றேன், கிளம்பினேன், இறங்கினேன். சயான் நாக்கா சந்திப்பில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். எனக்கு இடதுபக்கம் சிவப்பு பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குப்பாத்திரம். அவர் வேலை பார்க்கும் கராஜ் நேர் எதிர்த்திசையில், மாட்டுங்காவில் இருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்சீட்டுக்காரரின் பிடரியையே பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு பிரயாணி மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். போலீஸ்காரர் கையைத் திருப்பினார், கிளம்பினோம். செம்பூர் வரை அந்த பஸ் ஒருசமயம் எனக்கு முன்னால் போனது, ஒருசமயம் பின்னால் வந்தது. பள்ளி வாசலில் நான் வண்டியை நிறுத்தி, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, தடியை எடுத்து இறங்கியபோது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், திரும்பிப் போகிற பஸ் நிறுத்தத்தில் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வந்ததும், வண்டி எப்படிப் போனது என்று கேட்டார். நன்றாகப் போனது என்றேன். நீங்கள் வேலைக்கு நேரத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன். போனேன் என்றார்.

இன்றுவரை நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. நான் பார்த்தது அவருக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுக்கவில்லை, நானே ஓட்டிப் போய்த் தபாலில் போடுகிறேன். நீ ஊருக்கு வரும்போது அவரிடம் இதைக் கேட்டுவிடாதே.

உன் அம்மா